கையடக்கக் கணக்கு யந்திரங்களின் சரித்திரம் – 12: புத்தகப் பையில் வந்த கணினி

சென்ற இதழில், 1974-ஆம் ஆண்டு ஹ்யூலெட்-பேக்கார்டு நிறுவனம் வெளியிட்ட எச்.பி.-65 என்னும் கையடக்கக் கருவி, நூறு கட்டளைகளை வரிசையாக நினைவில் நிறுத்தி, அவற்றைச் சிறிய காந்த அட்டை ஒன்றில் பதித்துக்கொள்ளவும் வேண்டும்போது திரும்பப் படித்துக்கொள்ளவும் வல்லதாய் இருந்ததையும், அடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க அப்பல்லோவும் சோவியத் சோயூஸும் விண்வெளியில் சந்தித்தபோது அக்கருவியும் அமெரிக்க விண்கலத்தில் ஏறிச் சென்று வந்ததையும் கண்டோம். 795 டாலர் விலையுள்ள அந்தச் சாதனம் என்ஜினீயர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் உரியதாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவன் அதைக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பலாம், அவ்வளவே. அதே வித்தை பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பிள்ளையின் புத்தகப் பைக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதுதான் இந்த இதழின் விருத்தாந்தம். பாடத்திட்டம் வகுத்தவர்கள் அதனைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. வளைகோடு வரைந்து காட்டுவதற்கென்று வாங்கப்பட்ட ஒரு யந்திரத்தில் பல பொத்தான்களுக்கு நடுவே இருந்த ஒரு பொத்தானின் வழியாகவே அது வந்தது. 1990-க்குப் பிறகு அமெரிக்காவில் படித்த ஒரு தலைமுறையில், தம்முடையது என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க முதற்கணினி பலருக்கு இந்த வரைபடக் கால்குலேட்டராகவே இருந்தது என்பது என் துணிபு.

வரைபடம் போடும் கால்குலேட்டரை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த பெருமை ஜப்பானின் கேசியோ நிறுவனத்துக்கு உரியது. 1985-இல் வெளிவந்த எஃப்.எக்ஸ்.-7000ஜி என்னும் அந்தக் கருவியில் 96 புள்ளி அகலமும் 64 புள்ளி உயரமும் உள்ள ஒரு திரை இருந்தது. பத்துப் புரோகிராம்கள் வரை எழுதி வைக்கலாம். ஆனால் அவை பத்துக்கும் சேர்த்து அது ஒதுக்கிய இடம் 422 பைட்டுகளே. இந்த அளவு எத்தகையது என்பதைத் தமிழ் வாசகர் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: இன்று நம் கணினிகள் தமிழைச் சேமிக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் மூன்று பைட்டு செலவாகிறது, அந்தக் கணக்கில் நாலடி வெண்பா ஒன்றை அதில் எழுதி வைத்தால், இன்னொரு வெண்பாவுக்கு இடம் இராது. அத்தகைய குறுகிய இடத்திலும் பயனுள்ள புரோகிராம் எழுத முடிந்ததற்குக் காரணம், ‘சைன்’ என்பது போன்ற ஒரு முழுச் சொல்லையும் அந்த யந்திரம் மூன்று நான்கு எழுத்துகளாகக் கொள்ளாமல் ஒரே பைட்டாகச் சுருக்கி வைத்துக்கொண்டமையே. இந்தச் சிக்கன உபாயம் பின்னர் வந்த கருவிகளிலும் தொடர்ந்தது.

கேசியோவின் கருவியைக் கண்டு மகிழ்ந்தவர்களுள் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர்கள் இருவர் முக்கியமானவர்கள். பிராங்க் டெமானா, பெர்ட் வெய்ட்ஸ் என்னும் அவ்விருவரும், ஒரு சமன்பாட்டைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, சதுரத் தாளில் குறித்து, கைநடுங்காமல் வளைகோடு இழுப்பதிலேயே மாணவனுடைய வகுப்பு நேரம் முழுதும் கழிந்துவிடுகிறது என்றும், அந்தக் கோட்டின் குணத்தை ஆராய்வதற்கு அவனுக்கு அவகாசமே கிடைப்பதில்லை என்றும் கருதியவர்கள்; பள்ளிதோறும் கணினிக் கூடம் கட்டிக்கொடுப்பது நடவாத காரியம் என்பதால் பிள்ளைகளின் கையிலேயே வரைபட யந்திரத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று 1980-களின் பிற்பகுதியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்திப் பிரசாரம் செய்தார்கள். டாலஸ் நகரத்து டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் இவர்களைப் போன்ற ஆசிரியர்களின் யோசனைகளைக் கேட்டு 1990-இல் டி.ஐ.-81 என்னும் கருவியை வெளியிட்டது. கேசியோ என்ஜினீயர்களுக்கென்று செய்ததைப் பள்ளிக்கூடங்கள் எடுத்துக்கொண்டன, டி.ஐ.-81 பள்ளிக்கூடத்துக்கென்றே பிறந்தது. அமெரிக்க வகுப்பறைகளில் டெக்ஸாஸ் நிறுவனம் பெற்ற ஆதிக்கத்துக்கு இந்த வேறுபாடே மூலகாரணம் என்று நினைக்கிறேன்.

அதன் உள்ளே இருந்தது ஸிலாக் நிறுவனத்தின் இஸட்-80 என்னும் சில்லு. 1976-இல் வெளிவந்து, வீட்டுக் கணினிகள் பலவற்றுக்கு உயிராக இருந்து, மேசைக் கணினிகளில் ஓய்வு பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், அது 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் கால்குலேட்டருக்குள் இரண்டாம் பிறவி எடுத்தது. புரோகிராமுக்கு 2,400 பைட்டு இடம். புரோகிராம்களுக்குப் பெயர் வைக்கப் பத்து இலக்கங்கள், இருபத்தாறு ஆங்கில எழுத்துகள், தீட்டா என்னும் கிரேக்க எழுத்து ஆக முப்பத்தேழு குறிகள். இன்னொரு கருவியோடு இணைக்க வயர் செருகும் துளை கிடையாது. ஆகவே ஒரு மாணவன் எழுதியதை மற்றொருவன் பெற வேண்டுமானால், தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போய் வரி வரியாகத் தன் கருவியில் அழுத்த வேண்டும். நம் முன்னோர் ஏடு பார்த்து ஏடு எழுதிய முறைதான் அது. எழுதுபவன் ஓர் இடத்தில் கண் தவறினால் பாடபேதம் உண்டாவதும் அவ்வாறே.

இனி, புரோகிராம் எழுதுவதென்றால் என்ன என்பதை அருகில் சென்று பார்ப்போம். என் மேசையின்மேல் ஒரு டி.ஐ.-83 பிளஸ் இருக்கிறது. 1999-இல் வெளிவந்த வகை. ரிமோட்டுக்குப் போடும் சிறு பேட்டரிகள் நாலில் ஓடுவது. ‘புரோகிராம்’ என்று சுருக்கி எழுதிய பொத்தானை அழுத்தி, வலப்பக்கம் நகர்ந்து, ‘புதிது’ என்பதைத் தேர்ந்தால், பெயர் கேட்கிறது. எட்டெழுத்துக்குள் ஒரு பெயர் கொடுத்தவுடன் வெறுந்திரையில் ஒரு முக்காற்புள்ளியும் அதன் பக்கத்தில் மின்னும் ஒரு கறுப்புக் கட்டமும் தோன்றுகின்றன. கட்டளைச் சொற்களை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டியதில்லை, அடித்தாலும் யந்திரம் ஏற்காது. பட்டியலைத் திறந்து முழுச் சொல்லாகவே பொறுக்கி வைக்க வேண்டும். ஏ, பி, சி போன்ற எழுத்துகளுக்கு மட்டும் பச்சைப் பொத்தானை முதலில் தட்டிவிட்டு, அந்தந்த விசைக்கு மேலே பொறித்திருக்கும் எழுத்தை அழுத்த வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் எழுதிய புரோகிராம் இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பது. ஆங்கிலக் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தால் அது இவ்வளவுதான்:

: பிராம்ப்ட் ஏ,பி,சி
: பி²−4ஏசி → டி
: டிஸ்ப் (−பி+√(டி))/(2ஏ)
: டிஸ்ப் (−பி−√(டி))/(2ஏ)

முதல் வரி மூன்று எண்களைக் கேட்டு வாங்குகிறது. இரண்டாம் வரி, பாடப்புத்தகம் தன்மைகாட்டி என்று சொல்லுகிறதே, அதைக் கணக்கிட்டு டி என்னும் பெட்டியில் போட்டு வைக்கிறது. மற்ற இரண்டும் விடைகளைத் திரையில் காட்டுகின்றன. இதிலே ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். பெரிய கணினிகளின் மொழிகளில் ஏ-யையும் சி-யையும் பெருக்குவதற்கு நடுவே ஒரு நட்சத்திரக் குறி வேண்டும். பெட்டியில் இடும் மதிப்பு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வரும். இங்கோ ஒவ்வொரு பெட்டிக்கும் ஓரெழுத்தே பெயராகையால் ‘ஏசி’ என்று ஒட்டி எழுதினாலே பெருக்கல்தான். கணக்கிட்டது எதுவோ அது இடமிருந்து வலமாக, அம்புக்குறி காட்டும் திசையிலேயே பெட்டிக்குள் செல்லுகிறது. அதாவது, பள்ளி நோட்டில் எழுதும் பாணியை மாற்றிக்கொள்ளாமலே ஒரு பிள்ளை யந்திரத்துக்குக் கட்டளை இடலாம். இம்மொழியை இழிவாகப் பேசும் கணினி வல்லுநர்கள் உண்டு. அவர்கள் இந்த ஒரு நயத்தைக் கருதியாவது தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

1, −5, 6 என்ற எண்களைக் கொடுத்துப் பார்த்தால் 3, 2 என்று விடை வருகிறது. ஆனால் முதன்முறை எழுதுபவனுக்கு இந்த விடை சுலபத்தில் வருவதில்லை. யந்திரத்தில் கழித்தற்குறிக்கு ஒரு பொத்தான் வலப்பக்க ஓரத்திலும், எதிரெண் குறிக்கு வேறொரு பொத்தான் அடிவரிசையிலுமாக இருக்கின்றன. திரையில் இரண்டும் ஒரு கோடுதான், எதிரெண் குறி மயிரிழை குட்டையாகவும் சற்றே உயர்ந்தும் நிற்கும். அடைப்புக்குறிக்குள் ‘−பி’ என்று தொடங்கும் இடத்தில் கழித்தற்பொத்தானை அழுத்திவிட்டால், எதிலிருந்து பி-யைக் கழிப்பது என்று தெரியாமல் யந்திரம் ஓட்டத்தை நிறுத்தி, இலக்கணப் பிழை என்று சொல்லி, ‘விட்டு விலகு’, ‘அவ்விடத்துக்குச் செல்’ என்று இரண்டு வழிகளை முன்வைக்கிறது. இரண்டாவதைத் தேர்ந்தால் பிழை நேர்ந்த இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே நின்று, சரியாகத்தானே இருக்கிறது என்று அரைமணி நேரம் உற்றுப் பார்த்து, கடைசியில் அந்த மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடித்த பிள்ளை, கழித்தல் என்னும் செயலும் எதிரெண் என்னும் நிலையும் வெவ்வேறு என்பதை ஆயுளுக்கும் மறவான். பன்முறை கரும்பலகையில் எழுதிக் காட்டியும் மனத்தில் தைக்காத ஒன்று இப்படித் தைக்கிறது.

பிறகு அவன் 1, 2, 5 என்று கொடுக்கிறான். தன்மைகாட்டி −16 ஆகிறது. எதிரெண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டதனால், விடை மெய்யெண் அன்று என்ற பிழைச்செய்தியோடு ஓட்டம் நின்றுபோகிறது. இப்போதுதான் ‘இஃப்’ என்னும் நிபந்தனைக் கட்டளையின் அவசியம் அவனுக்குத் தானாகவே புலப்படுகிறது: டி பூஜ்யத்துக்குக் குறைவானால், மெய்ம்மூலங்கள் இல்லை என்று அறிவித்துவிட்டு நின்றுகொள். அந்த அறிவிப்பையும் ஒரு வரிக்குள் அடங்குமாறு அமைக்க வேண்டும். ஏனெனில் திரை பதினாறு எழுத்து அகலமும் எட்டு வரி உயரமும் உள்ளது, அதற்குமேல் ஓரெழுத்தும் கொள்ளாது. தன் புரோகிராமைப் பயன்படுத்தப்போகிறவன் என்ன தவறு செய்வான், எந்த எண்ணைக் கொடுப்பான் என்று முன்கூட்டியே யோசிக்கும் பழக்கம் இவ்விதமே தொடங்குகிறது. தொழிலாகப் புரோகிராம் எழுதுகிறவர்கள் நாள்தோறும் செய்வதும் இதைத்தான்.

இடத்தின் குறுக்கம் இன்னும் பல பாடங்களைப் போதித்தது. ஒரு வரியின் இறுதியில் வரும் அடைப்புக்குறியையும் மேற்கோள் குறியையும் மூடாமல் விட்டாலும் யந்திரம் தானே மூடியதாகப் பாவித்துக்கொள்ளும் என்பதைக் கண்டுகொண்ட பிள்ளைகள், வரிக்கு ஒரு பைட்டு என்று மிச்சம் பிடித்தார்கள். ஓர் எண்ணை, அது ஒன்றானாலும் ஒரு கோடியானாலும், வைத்துக்கொள்ள ஒன்பது பைட்டு செலவாகும். ஆகவே எந்தப் பெட்டியை எப்போது மறுபடி உபயோகிக்கலாம் என்று கணக்குப் பார்த்தார்கள். டி.ஐ.-81-இல் ‘ஃபார்’, ‘வைல்’ போன்ற சுழற்சிக் கட்டளைகளே கிடையா. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்க வேண்டுமானால் ஓர் இடத்தில் அடையாளம் நட்டு, ‘கோட்டூ’ என்னும் கட்டளையால் அங்கே தாவ வேண்டும். 1993-இல் வந்த டி.ஐ.-82 அந்தச் சுழற்சிக் கட்டளைகளைக் கொடுத்த பிறகும் பழைய பழக்கம் போகவில்லை. சுழற்சிக்கு நடுவிலிருந்தே தாவி வெளியேறுவோர், அது முடியுமிடத்தில் வர வேண்டிய ‘எண்டு’ என்னும் சொல்லை அடையாமலே போய்விடுவார்கள். யந்திரமோ, ‘இதோ வருகிறேன்’ என்று எழுந்து போன விருந்தாளிக்காக இலை போட்டுக் காத்திருக்கும் வீட்டுக்காரரைப்போல, அந்த முடிவை எதிர்பார்த்து நினைவில் ஒரு சிறு இடத்தை ஒதுக்கியே வைத்திருக்கும். தாவல்கள் பெருகப் பெருகக் காலி இலைகளும் பெருகி, புரோகிராம் வரவர மந்தமாகி, கடைசியில் நினைவிடம் போதவில்லை என்ற பிழையோடு நின்றுவிடும். இதன் காரணத்தை எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. தாமே துருவித் துருவி அறிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள்.

கணக்கோடு நின்றார்களா என்றால், இல்லை. விளையாட்டே பெரும்பாலோரை உள்ளே இழுத்தது. எந்த விசை அழுத்தப்பட்டது என்று சொல்லும் ‘கெட்-கீ’ என்னும் கட்டளை ஒன்று உண்டு. விசை எந்த வரிசையில் எத்தனையாவது என்பதே அதன் எண். மேல்நோக்கிய அம்புக்கு 25, இடத்துக்கு 24, வலத்துக்கு 26, கீழுக்கு 34. திரையில் குறிப்பிட்ட வரியில் குறிப்பிட்ட கட்டத்தில் ஓரெழுத்தை எழுதும் கட்டளை இன்னொன்று. இவ்விரண்டையும் ஒரு சுழற்சிக்குள் போட்டு, பழைய இடத்தில் வெற்றிடத்தை எழுதி, புதிய இடத்தில் ஒரு குறியை எழுதினால், அக்குறி விரலுக்குக் கட்டுப்பட்டு நகரத் தொடங்குகிறது. அது நகர்ந்த முதற்கணத்தில் பதினாலு வயதுப் பிள்ளைக்கு உண்டாகும் ஆனந்தம் அளவிடற்கரியது. அந்தக் குறி நகர்வது ஆமை வேகந்தான். கட்டளை ஒவ்வொன்றையும் யந்திரம் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படித்துப் பொருள் கொண்டே செய்கிறதாகையால் வேகம் வராது.

வேகத்துக்கு வழி திறந்தவர்களும் மாணவர்களே. 1992-இல் வெளிவந்த டி.ஐ.-85, இரண்டு கருவிகளை ஒரு வயரால் இணைக்கும் துளையோடு வந்தது. அதனால் ஏடு பெயர்த்து எழுதும் காலம் முடிந்து, ஒருவன் எழுதிய புரோகிராம் மதிய உணவு வேளைக்குள் வகுப்பு முழுவதும் பரவும் காலம் பிறந்தது. அதே துளையின் வழியாகக் கருவியைக் கணினியோடும் இணைத்து, நினைவு முழுவதையும் பிரதி எடுத்து வைக்கலாம். பின்னர் அப்பிரதியைத் திருப்பி ஏற்றலாம். இந்தப் பிரதியைக் கணினியில் திறந்து, வேண்டிய இடத்தில் சில பைட்டுகளை மாற்றி ஏற்றிவிட்டால், ‘கஸ்டம்’ என்னும் பொத்தானை அழுத்தும்போது யந்திரம் நிறுவனத்தின் கட்டளையைச் செய்யாமல் நாம் வைத்த கட்டளையை, அதுவும் இஸட்-80 சில்லின் சொந்த மொழியிலேயே, செய்யும் என்பதைச் சில ஆர்வலர்கள் கண்டறிந்தார்கள். 1994-இல் இஸட்-ஷெல் என்னும் பெயரோடு இந்த உபாயம் வெளியாயிற்று. அதற்குப் பின் அதே கருவியில் குறிகள் பாய்ந்து ஓடின, விண்கலங்கள் சுட்டுக்கொண்டன, கட்டங்கள் விழுந்து அடுக்கிக்கொண்டன. நிறுவனமும் நாளடைவில் இதனை அங்கீகரித்து, டி.ஐ.-83 பிளஸில் சில்லின் மொழியில் எழுதிய புரோகிராமை ஓட்டுவதற்கு முறையான கட்டளை ஒன்றைச் சேர்த்ததோடு, அக்கருவிக்குப் புரோகிராம் எழுதுவோருக்கான கையேட்டையும் வெளியிட்டது. பூட்டிய கதவைத் திறந்த பிள்ளைகளைத் தண்டிக்காமல் சாவியைக் கையில் கொடுத்த அந்தச் செயல் பாராட்டுக்குரியது. அது நீடித்திருக்கலாம்.

நீடிக்காமற்போனதற்குக் காரணம் தேர்வு. நம் பொதுத்தேர்வுக் கூடங்களில் நாம் மடக்கை அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள்; அமெரிக்காவிலோ, தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு 1994-இல் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்குள் கால்குலேட்டரை அனுமதித்தது. 1995 முதல் அதன் உயர்நிலை நுண்கணிதத் தேர்வுக்கு வரைபடக் கால்குலேட்டர் இன்றியமையாததாயிற்று. சுமார் நூறு டாலர் கொடுத்து வாங்குவதற்குப் பெற்றோர் இணங்கியது அந்த நிர்ப்பந்தத்தினாலேயே என்பதை மறுக்க முடியாது. தேர்வு இல்லையேல் இத்தனை பிள்ளைகளின் பைக்குள் அந்தப் பொத்தான் போய்ச் சேர்ந்திராது. ஆனால், சூத்திரங்களை எல்லாம் புரோகிராமாக எழுதி வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போகலாமே என்ற எண்ணமும் கூடவே வந்தது. பள்ளித் தேர்வுகளில் ஆசிரியர்கள் மேசை மேசையாகச் சென்று நினைவை அழிக்கச் சொன்னார்கள். மாணவர்களோ, நினைவு அழிந்தது என்ற செய்தியை மட்டும் திரையில் காட்டி ஒன்றையும் அழிக்காத புரோகிராம்களை எழுதினார்கள். இது கபடம்தான், நான் அதற்குப் பரிந்து பேசவில்லை. நுண்கணிதத் தேர்வை நடத்தியவர்கள் இதனைக் கையாண்ட விதம் வேறு. நினைவை அழிக்க வேண்டியதில்லை, புரோகிராம்களோடு வரலாம் என்று அவர்கள் அறிவித்தார்கள். வளைகோடு வரைதல், சமன்பாட்டின் மூலத்தைக் காணல், வகைக்கெழுவையும் தொகையையும் எண்ணளவில் கணித்தல் ஆகிய நான்குக்கு மட்டும் யந்திரத்தின் விடையை ஏற்று, மற்றவற்றுக்கு வழியை விளக்கி எழுதினாலன்றி மதிப்பெண் இல்லை என்று வினாக்களை அமைத்தார்கள். மாணவனைச் சோதனையிடுவதை விட்டு வினாவைத் திருத்திய இந்த விவேகம் எல்லாத் தேர்வுகளுக்கும் வாய்க்கவில்லை.

2009-ஆம் ஆண்டில் ஒரு பெரிய சச்சரவு எழுந்தது. டி.ஐ.-83 பிளஸின் மூல மென்பொருளை மாற்ற வேண்டுமானால் நிறுவனத்தின் இரகசியக் கையொப்பம் வேண்டும். அந்தக் கையொப்பம் 512 பிட்டு நீளமுள்ள, அதாவது 155 இலக்கங்கள் கொண்ட, ஓர் எண்ணை இரண்டு பகா எண்களாகப் பிரிக்க முடியாது என்ற நம்பிக்கையின்மேல் நின்றது. 1999-இல் அந்த அளவுள்ள ஓர் எண்ணைப் பகுப்பதற்கு ஆராய்ச்சியாளர் குழு ஒன்று நூற்றுக்கணக்கான கணினிகளை மாதக்கணக்கில் ஓட்ட வேண்டியிருந்தது. பத்தாண்டு கழித்து, கால்குலேட்டர் ஆர்வலர் ஒருவர் தம் வீட்டுக் கணினி ஒன்றையே சுமார் 73 நாள் ஓடவிட்டு அந்த எண்ணைப் பகுத்துவிட்டார். மற்ற ஆர்வலர்கள் தங்கள் கணினிகளை ஒன்றுகூட்டி, மற்ற மாதிரிகளின் எண்களையும் பகுத்தார்கள். நிறுவனம் சட்ட அறிவிப்புகள் அனுப்பியது. மின்வெளி உரிமைகளுக்காகப் போராடும் எலெக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன், சொந்தக் கருவியில் சொந்த மென்பொருளை ஓட்டுவது உடையவனுடைய உரிமை என்று அவர்கள் சார்பில் பதில் எழுதியது. பணம் கொடுத்து வாங்கிய சிலேட்டில் என்ன எழுதலாம் என்று சிலேட்டு விற்றவர் சொல்ல முடியுமா? அந்த வாதத்தில் நியாயம் ஆர்வலர்கள் பக்கமே இருந்தது என்பது என் தீர்மானம்.

எனினும் இறுதியில் தேர்வே வென்றது. பிரான்சு முதலிய நாடுகள், தேர்வின்போது கருவியின் நினைவு மறைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்ட ஒரு சிறு விளக்கு மினுக்க வேண்டும் என்று விதித்திருந்தன. சில்லின் மொழியில் எழுதிய புரோகிராமால் அந்தக் காவலையும் ஏமாற்றலாம் என்பது வெளிப்பட்டவுடன், 2020-இல் டெக்ஸாஸ் நிறுவனம் தன் புதிய வண்ணத்திரைக் கருவிகளில் அவ்வகைப் புரோகிராம்களுக்கு இருந்த வசதியைப் புதுப்பிப்பு ஒன்றின் மூலம் நீக்கிவிட்டது. அதற்கு மாறாகப் பைத்தான் என்னும் மொழி வந்தது. பிரெஞ்சுப் பள்ளிகளின் கணிதப் பாடத்தில் அம்மொழி இடம்பெற்றதே அதற்குத் தூண்டுதல். பாடமாக வைத்துப் படிப்பிக்கும் பைத்தான் நல்ல மொழிதான், வருங்காலத்துக்கு உதவுவதுதான். ஆயினும், ஆசிரியர் சொல்லாமலே பிள்ளை தானாகத் திறந்து பார்த்த ஓர் அறை அன்று மூடப்பட்டது; அதை ஒரு நஷ்டமாகவே நான் கருதுகிறேன். பிரான்சில் 2017-இல் தோன்றிய நியூம்வொர்க்ஸ் கருவியையும், தன் மென்பொருளை எல்லோரும் பார்க்கும்படி அது வெளியிட்டதையும் அடுத்த இதழில் விரிவாகச் சொல்லுவோம்.

முடிக்குமுன் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் மேசை இழுப்பறைகளில் இந்தக் கருவி ஒன்று இன்றும் கிடக்கக்கூடும். பிள்ளை எழுதிய புரோகிராம்கள் நிலையான ‘ஆர்க்கைவ்’ பகுதியில் வைக்கப்பட்டிருந்தால் பயமில்லை. சாதாரண நினைவில் இருந்தால், நாலு பேட்டரிகளும் உள்ளே இருக்கும் வட்டமான காப்பு பேட்டரியும் தீர்ந்தவுடன் அவை அழிந்துபோகும். ஆகையால் கருவியை எடுத்து உயிர்ப்பித்துப் பாருங்கள். திரையில் இன்னும் எழுத்துத் தெரியுமானால், நாலு பேட்டரிகளையும் காப்பு பேட்டரியையும் ஒருசேரக் கழற்றாதீர்கள். பிறகு ‘புரோகிராம்’ பொத்தானை அழுத்தி, அங்கே இருப்பதை வரி வரியாக ஒரு தாளில் எழுதி, எழுதிய பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் ஆண்டையும் கீழே குறித்து வையுங்கள்.